பெயின்ட் அடிக்க எவ்வளவு ஆகும்? கரியாஹாட்டில் 'சதுர அடி ரேட்' பேசும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தெற்கு கொல்கத்தாவில் பெயின்டர் கிடைப்பது கஷ்டமாகிவிடும். கரியாஹாட் புடவைக் கடைகளில் கூட்டம் சேரும் அதே வாரங்களில், சுற்றியிருக்கும் தெருக்களில் மூங்கில் சாரம் ஏறும். பொங்கலுக்கு முன் நம் ஊரில் வெள்ளையடிப்பது போல, பூஜைக்கு முன் வீட்டுக்கு நிறம் பூசுவது இங்கே பழக்கம்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. பொங்கல் மழை ஓய்ந்த பிறகு வருகிறது. பூஜையோ மழைக்காலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. தொழிலாளிக்கு கிராக்கி உச்சத்தில் இருக்கும்போது, சுவர் ஈரம் உச்சத்தில் இருக்கும்போது வேலை நடக்கிறது. அடுத்த ஜூலையில் சுவர் பொரிந்து உதிர்ந்தால், பெயின்டர் கம்பெனியைக் குறை சொல்வார், கம்பெனி பெயின்டரைக் குறை சொல்லும், பணம் போனது வீட்டுக்காரருக்கு.

கரியாஹாட், பாலிகஞ்ச், லேக் மார்க்கெட் பக்கம் வீடு வைத்திருப்பவர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் பெயின்ட் செலவை எப்படிக் கணக்கிடுவது, நல்ல ரங் மிஸ்திரியை (பெயின்டருக்கு வங்காளத்தில் இதுதான் பெயர்) எப்படித் தேர்ந்தெடுப்பது? விளக்கமாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து இரண்டு மதிப்பீடுகளை ஒப்பிட முடியாது. எந்தப் பரப்பு, எத்தனை கோட், எந்தப் பொருள், என்ன முன்வேலை என்ற நான்கும் தெரிய வேண்டும்.
• கொல்கத்தாவில் பெயின்ட் வேலையைக் கெடுக்கும் முதல் காரணம் ஓதம். அதைச் சரிசெய்யாமல் எந்த பிராண்டை அடித்தாலும் வீண்.
• பழைய எனாமல் அடித்த ஜன்னல்களை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பணத்தை விடப் பெரிய விஷயம்.
• பெயின்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ரேட் அல்ல. "போன மழைக்காலத்துக்கு முன் நீங்கள் அடித்த வீடு எது? பார்க்கலாமா?" என்பதுதான்.

சதுர அடி ரேட் ஏன் ஏமாற்றுகிறது?

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒருவர் சொல்லும்போது அதற்குள் நான்கு விஷயங்கள் ஒளிந்திருக்கும்.

ஒன்று, எந்தச் சதுர அடி? பத்திரத்தில் இருக்கும் சூப்பர் பில்ட்-அப் பரப்பா, கார்பெட் ஏரியாவா, சுவரின் பரப்பா? பெயின்ட் ஏறுவது சுவரிலும் மேல்தளத்திலும்தான். எனவே அந்தப் பரப்பை வைத்துத்தான் பேச வேண்டும்.

இரண்டு, எத்தனை கோட்? 'டூ கோட்' என்றால் பிரைமரையும் சேர்த்து இரண்டா, பிரைமருக்கு மேல் இரண்டா? இந்த ஒரு வார்த்தையில் ஒரு முழுக் கோட் காணாமல் போகும்.

மூன்று, எந்தப் பொருள்? டிஸ்டம்பர் மலிவு, ஆனால் ஈரத் துணியால் அடிக்கடி துடைத்தால் தாங்காது. எமல்ஷனில் சிக்கனம், நடுத்தரம், பிரீமியம் என்று ஒரே கம்பெனியிலேயே பல ரகம் உண்டு. "நல்ல கம்பெனி பெயின்ட்" என்று மட்டும் எழுதிய மதிப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. ரகத்தின் முழுப் பெயர் வேண்டும்.

நான்கு, முன்வேலை. பழைய பெயின்டைச் சுரண்டுவது, விரிசல் அடைப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது எல்லாம் ரேட்டுக்குள் வருகிறதா, தனியா? உழைப்பு அதிகம் போகும் இடம் இதுதான். வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாத இடமும் இதுதான். அதனால் விலை குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

வீட்டை நீங்களே அளப்பது எப்படி?

கார்பெட் ஏரியாவை 3 அல்லது 3.5 ஆல் பெருக்கினால் பெயின்ட் பரப்பு வந்துவிடும் என்று ஒரு குறுக்குவழி சொல்லுவாங்க. அது எவ்வளவு தூரம் சரி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவர்ப் பரப்பு என்பது நான்கு பக்கச் சுற்றளவு பெருக்கல் உயரம். அதோடு மேல்தளம் சேரும்.

• 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி: சுவர் 440, மேல்தளம் 120, மொத்தம் 560 சதுர அடி. தரைப் பரப்பைப் போல 4.67 மடங்கு.
• அதே அறை, உயரம் 12 அடி: சுவர் 528, மேல்தளம் 120, மொத்தம் 648. அதாவது 5.4 மடங்கு.
• 20 அடிக்கு 15 அடி ஹால், உயரம் 10 அடி: சுவர் 700, மேல்தளம் 300, மொத்தம் 1,000. இது 3.33 மடங்கு.

பெரிய ஹாலுக்குக் குறுக்குவழி பொருந்துகிறது. சின்ன அறைகளுக்குப் பொருந்தவில்லை. உயரமான பழைய வீடுகளுக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. கரியாஹாட் பக்கத்துப் பழைய வீடுகளில் 12 அடி உயரம் சகஜம் என்பதால், புது அடுக்குமாடியில் இருக்கும் நண்பரின் செலவோடு உங்கள் செலவை ஒப்பிடாதீர்கள். ஒரே அளவு அறைக்கு 10 அடி உயரத்திலிருந்து 12 அடிக்குப் போனாலே சுவர் மட்டும் 20 சதவீதம் கூடுகிறது.

கதவு, ஜன்னலைக் கழிக்க வேண்டாமா? "கழிவே கிடையாது" என்று சில கான்ட்ராக்டர்கள் சொல்வது பாதி உண்மை. மத்திய பொதுப்பணித் துறையின் அளவீட்டு முறைப்படி, 0.5 சதுர மீட்டர் (சுமார் 5.4 சதுர அடி) வரையுள்ள திறப்புகளுக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் (சுமார் 32 சதுர அடி) வரை, சுவரின் இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. திறப்பின் ஓரங்களில் அடிக்கும் வேலைக்கு அது ஈடாகிவிடும். தனியார் வேலைக்கு இந்த முறை கட்டாயம் இல்லை. ஆனால் பேச்சுவார்த்தைக்கு நல்ல அடிப்படை.

கொல்கத்தாவுக்கே உரிய இன்னொரு கணக்கு, பழைய வீடுகளின் பச்சை மரச் சட்டங்கள் வைத்த 'கட்கடி' ஜன்னல்கள். சாய்ந்த சட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் மேல், கீழ், விளிம்பு என்று பிரஷ் போக வேண்டும். அரசு அளவீட்டில் இப்படிப்பட்ட ஜன்னலின் பரப்பை ஒவ்வொரு பக்கத்துக்கும் 1.8 ஆல் பெருக்குவார்கள். 4 அடிக்கு 5 அடி ஜன்னல் 20 சதுர அடிதான். இரண்டு பக்கமும் சேர்த்தால் கணக்கில் 72 சதுர அடி. ஜன்னலுக்கு மிஸ்திரி அதிகம் கேட்டால் உடனே கோபப்பட வேண்டாம். இந்த வேலை உண்மையிலேயே அவ்வளவு பெரியது.

மலிவான ரேட், அதிகமான பில்

இது புரிவதற்காகப் போட்ட உதாரணக் கணக்கு, இன்றைய சந்தை விலை அல்ல. ஒரு வீட்டுக்கு இரண்டு மதிப்பீடுகள் வருகின்றன என்று வையுங்கள்.

முதல் ஆள்: சதுர அடிக்கு 16 ரூபாய். கழிவு இல்லாமல் 2,800 சதுர அடி என்று அளக்கிறார். அது 44,800 ரூபாய். வேலை தொடங்கிய பிறகு "சுரண்டி பட்டி பார்க்கணும், சதுர அடிக்கு 4 ரூபாய் கூட ஆகும்" என்கிறார். அது 11,200. ஜன்னல், கிரில் தனியாக 8,000. மொத்தம் 64,000 ரூபாய்.

இரண்டாவது ஆள்: சதுர அடிக்கு 24 ரூபாய். கழிவு போக 2,400 சதுர அடி. சுரண்டல், பட்டி, பிரைமர், இரண்டு கோட், ஜன்னல் எல்லாம் உள்ளே. மொத்தம் 57,600 ரூபாய்.

ரேட்டில் மூன்றில் ஒரு பங்கு மலிவாகத் தெரிந்தவர் கடைசியில் 6,400 ரூபாய் அதிகம் வாங்குகிறார். அதனால் ஒப்பிட வேண்டியது மொத்தத் தொகையை. அதுவும் ஒரே அளவு, ஒரே ரகம், ஒரே வேலைப் பட்டியலுக்கு.

எத்தனை லிட்டர் வேண்டும்?

வீட்டுக்காரர் கையில் இருக்கும் எளிமையான சோதனை இதுதான். பெயின்ட் பெட்டியிலும் கம்பெனியின் விவரத்தாளிலும், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று போட்டிருக்கும். வழவழப்பான உள்சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்தால், 2,400 சதுர அடிக்கு 20 லிட்டர் வேண்டும். அதாவது ஒரு பெரிய வாளி. வேலை முடியும்போது 10 லிட்டர்தான் வந்திருக்கிறது என்றால், ஒரு கோட் குறைந்திருக்க வேண்டும், அல்லது தண்ணீர் கூடியிருக்க வேண்டும்.

தண்ணீர் கலப்பதே தப்பு இல்லை. எமல்ஷனில் கலக்கத்தான் வேண்டும். எவ்வளவு என்பதும் பெட்டியில் இருக்கும். அதைத் தாண்டினால்தான் நிறம் மங்கி, அடியில் இருக்கும் சுவர் தெரியும்.

பொருளை நீங்களே வாங்கினால் சில விஷயங்களைக் கவனியுங்கள். பெயின்டுக்கான ஜிஎஸ்டி 2018 ஜூலை 27 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெட்டியில் அச்சிட்ட விலையில் வரி சேர்ந்தே இருக்கிறது. அதற்கு மேல் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கடைகளில் அச்சிட்ட விலையிலிருந்து தள்ளுபடியும் கேட்கலாம். பில் வாங்குங்கள். சீல் உங்கள் முன்னால் உடையட்டும். பேட்ச் எண்ணையும் நிற எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு இடத்தில் மட்டும் தொட்டு அடிக்க வேண்டி வந்தால் இவை இல்லாமல் நிறம் சேராது.

இன்னொன்று. பல கம்பெனிகள் பெயின்டர்களுக்கு டோக்கன், பரிசுப் புள்ளி தருகின்றன. "இந்த பிராண்டுதான் நல்லா இருக்கும்" என்று ஒருவர் அழுத்திச் சொல்வதற்கு அனுபவம் காரணமாக இருக்கலாம், புள்ளியும் காரணமாக இருக்கலாம். ஏன் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் உங்கள் சுவரைக் காட்டி பதில் சொல்வார். பிராண்டுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஷாலிமார் பெயின்ட்ஸ் 1902ல் பக்கத்து ஹவுராவில் தொடங்கியது. இன்றைய பெர்ஜர் 1923ல் வேறொரு பெயரில் கொல்கத்தாவில் பிறந்த கம்பெனி.

உண்மையான எதிரி: ஓதம்

கொல்கத்தாவில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையின் சராசரி சுமார் 1,400. மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டுகிறது. ஜூலை, ஆகஸ்டில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல்.

இடத்தின் வரலாறும் சேர்ந்துகொள்கிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளைதான் ராஷ்பிஹாரி அவென்யூவையும் அதைச் சுற்றிய மனைகளையும் உருவாக்கியது. பக்கத்தில் இருக்கும் ரவீந்திர சரோவர் ஏரி, 1920களில் சதுப்பு நிலத்தைத் தோண்டி அமைக்கப்பட்டது. இந்தப் பகுதியின் பழைய வீடுகள் பல, செங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த சாந்தில் கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அதன் மேல் காற்று புகாத பெயின்டைத் தடிமனாக அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, பெயின்டைத் தள்ளிக் கொப்புளமாக்கும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் செலவு தெரியும்.

• தரையிலிருந்து ஏறும் ஓதம்: தரைத்தளத்தில், சுவரின் கீழ்ப் பகுதியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை. வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வங்காளத்தில் 'நோனா' என்பார்கள். இதற்குத் தேவை ஈரத்தடுப்பு வேலை. பெயின்ட் மட்டும் போதாது.
• வெளியிலிருந்து வரும் மழை ஈரம்: விரிசல், கைப்பிடிச் சுவர், ஜன்னல் மேடை வழியாக. மழை பெய்த இரண்டு நாளில் கறை பெரிதாகும். வெளிச்சுவரைச் சரிசெய்யாமல் உள்ளே அடிப்பது வீண்.
• குழாய்க் கசிவு: மழை இல்லாத மாதத்திலும் கறை இருந்தால், மேல் வீட்டுக் குளியலறையைச் சந்தேகப்படுங்கள். முதலில் பிளம்பர், பிறகு பெயின்டர்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் ஷீட்டின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ பெயின்ட் அடிக்கும் நேரம் வரவில்லை.

உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீரால் கழுவ வேண்டாம். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். உலர் பிரஷால் தட்டி எடுங்கள். இன்னொரு எச்சரிக்கை 'பாரிஸ்' பற்றி. கொல்கத்தாவில் சுவரை வழவழப்பாக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசுவது நெடுநாள் வழக்கம். அது தண்ணீரில் மெல்லக் கரையும் பொருள். ஓதம் உள்ள சுவரில் அது வேண்டாம். அங்கே சிமென்ட் பட்டி பாதுகாப்பானது.

எப்போது அடிப்பது?

நவம்பர் முதல் மார்ச் வரை சுவர் காய்ந்திருக்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே காத்திருக்கும் நேரமும் குறையும். ஆளும் கிடைப்பார், பேரம் பேசவும் இடம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்க வேண்டாம் என்பது பெயின்ட் தொழிலில் பொதுவாகச் சொல்லும் வரம்பு. கொல்கத்தாவின் ஆகஸ்ட் நாட்கள் பல இதைத் தொட்டுவிடும்.

பூஜைக்குள் முடித்தே ஆக வேண்டும் என்றால், வேலையைப் பிரியுங்கள். ஓதம் இல்லாத வரவேற்பறையை இப்போது முடியுங்கள். வெளிச்சுவர், தரைத்தளம், கறை பட்ட அறைகள் குளிர்காலத்துக்குக் காத்திருக்கட்டும். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும்.

பழைய ஜன்னலில் ஈயம்

2016 நவம்பர் 1ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த விதி 2017 நவம்பர் 1ல் அமலுக்கு வந்தது. அப்படியானால் அதற்கு முன் அடித்தவை? பல அடுக்கு எனாமல் ஏறிய பழைய ஜன்னலிலும் கிரில்லிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அடித்திருக்கும் பெயின்ட் அப்படியே இருந்தால் ஆபத்து குறைவு. தேய்க்கும்போது பறக்கும் தூசிதான் பெரிய ஆபத்து. எனவே:

• உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். ஈரம் செய்து உப்புத்தாள் போடச் சொல்லுங்கள். நெருப்பால் சுட்டு எடுக்கவும் வேண்டாம்.
• அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு இடத்தில் இருப்பது நல்லது.
• தரையில் ஷீட் விரியுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.
• மிஸ்திரிக்கு முகக்கவசம் கொடுங்கள். அந்தத் தூசியைத் தினமும் சுவாசிப்பவர் அவர்தான்.

நல்ல பெயின்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

போன மாதம் முடித்த வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய வேலைதான் சாட்சி. அந்த வீட்டில் ஜன்னலுக்குக் கீழும், குளியலறைச் சுவரின் மறுபக்கமும் பாருங்கள். மாலையில் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் பட்டி பார்த்த மேடுபள்ளம் தெரியும்.

உங்கள் வீட்டுக்கு வந்ததும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிறாரா? கறையைக் காட்டி "இது எப்போதிலிருந்து?" என்று கேட்கிறாரா? "இதை முதலில் கொத்தனாரிடம் காட்டுங்கள்" என்று தன் வேலையையே தள்ளிப்போடச் சொல்கிறாரா? அவர் நல்ல ஆள். வாசலில் நின்றபடியே ரேட் சொல்லி, எதைக் கேட்டாலும் 'ஹோயே ஜாபே' (ஆகிவிடும்) என்பவரிடம் கவனமாக இருங்கள்.

பெரிய கம்பெனிகள் நேரடியாகவே பெயின்டிங் சேவை தருகின்றன. எழுத்தில் மதிப்பீடு கிடைப்பது அதில் வசதி. ஆனால் உத்தரவாதம் என்று சொன்னால், சுவருக்குள்ளிருந்து வரும் ஓதத்துக்கும் அது பொருந்துமா என்று படித்துப் பாருங்கள்.

ஒரு பக்கத்தில் எழுத வேண்டியவை

• அறைவாரியாகப் பரப்பு, கழிவு எப்படி என்ற விவரம்
• பெயின்ட் ரகத்தின் முழுப் பெயர், நிற எண், மதிப்பிட்ட லிட்டர்
• சுரண்டல், பட்டி, பிரைமர், மேல் கோட் என ஒவ்வொன்றும் எத்தனை முறை
• ஜன்னல், கிரில், கதவு உள்ளேயா தனியா
• சாமான்களை நகர்த்துவதும் மூடுவதும் சுத்தம் செய்வதும் யார் பொறுப்பு
• வெளிச்சுவர் என்றால் சாரம், பாதுகாப்பு பெல்ட் செலவு
• முடியும் தேதி, பணம் தரும் கட்டங்கள்

பணத்தை வேலையோடு கட்டுங்கள். தொடங்கும்போது ஒரு சிறு முன்பணம், பட்டியும் பிரைமரும் முடிந்ததும் ஒரு பங்கு, முதல் கோட்டுக்குப் பிறகு ஒரு பங்கு, கடைசிப் பத்து சதவீதம் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு. ஒப்புக்கொண்ட நாளில் கொடுத்துவிடுங்கள். தினக்கூலிக்கு வேலை செய்யும் குழுவை இழுத்தடித்தால், அவர்கள் பாதியில் அடுத்த வீட்டுக்குப் போவதைத் தடுக்க முடியாது.

தகராறு வந்தால்?

முதலில் எழுத்தில் குறையைச் சொல்லி, சரிசெய்ய நாள் கொடுங்கள். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அங்கே கைகொடுப்பது அந்த ஒரு பக்க ஒப்பந்தமும், கடை பில்லும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களும்தான். சாரம் ஏறுவதற்கு முன்னால், கறை இருக்கும் சுவர்களையெல்லாம் தேதியோடு போட்டோ எடுத்துவிடுங்கள்.